சிப்ஸ் தூளுக்கு நாலு வருடப் படிப்பா? ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரருக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கோபம் பாதி, கவலை பாதி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் அளவுக்குக் கட்-ஆஃப் இருந்தும் உணவுத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று மகள் அடம்பிடிக்கிறாள். சிப்ஸில் தூவுகிற தூளைச் செய்ய நாலு வருடம் படிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சமையலில் கைமணம் உள்ள பெண், அவளுக்கு இது பொருந்தும் என்கிறார் அவளுடைய அம்மா. இருவர் சொல்வதும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தத் தூளுக்கு நாலு வருடம் போதாது. கைமணத்துக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தமும் இல்லை. வேதியியல் பிடிக்கிறதா, இயந்திரச் சூட்டிலும் தூசியிலும் நிற்க மனம் வருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மகள் தனியாக ஒரு தாளை இணைத்திருந்தாள். அதில் ஒரே ஒரு கேள்வி: சர்க்கரையையும், புரதத்தின் அடிப்படைக் கூறான அமினோ அமிலத்தையும் ஒரே பாக்கெட்டில் போட்டு வைத்தால், சமைப்பதற்கு முன்பே அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டுப்போகாதா? பிளஸ் டூ முடித்த கையோடு இப்படிக் கேட்கிற பெண்ணைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவள் என்ன கேட்கிறாள் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தோசையின் ஓரம் சிவப்பதும், ரொட்டியின் மேலோடு பழுப்பதும், வறுக்கும்போது காப்பிக்கொட்டை மணப்பதும் பெரும்பாலும் ஒரே வினையின் வேலை. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மெயிலார்டின் பெயரால் அது மெயிலார்டு வினை எனப்படுகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காப்பியின் பச்சைக்கொட்டையை ஒரு பிடி வாங்கி முகர்ந்து பாருங்கள். காப்பி வாசனையே இருக்காது. பச்சைப் பயறு மாதிரி ஏதோ ஒரு வாடை. 200 டிகிரியைத் தொடும் சூட்டில்தான் கொட்டைக்குள் இருக்கும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் கூடி நாம் அறிந்த மணத்தைத் தருகின்றன.

காப்பிக்கொட்டை இல்லாமலே அந்த வேலையைக் கலனில் செய்ய முடியும். சைலோஸ் என்ற சர்க்கரையோடு சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இறைச்சி மணம் வரும். புரோலினைச் சேர்த்தால் ரொட்டி மேலோட்டின் மணம், மெத்தியோனினைச் சேர்த்தால் வெந்த உருளைக்கிழங்கின் மணம். பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டில் கோழிக்கறி வாசனை அடிக்கும் மர்மம் இதுதான். இதற்குக் கட்டுப்பாடும் உண்டு: ஐரோப்பிய விதிப்படி சூடு 180 டிகிரியைத் தாண்டக் கூடாது, அந்தச் சூட்டில் 15 நிமிடத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் இருந்தால் அதிகச் சூட்டில், புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று அஞ்சப்படும் அக்ரிலமைடு உருவாகும். சூடாக்கிய உணவில் அது இருப்பதை 2002இல் சுவீடனில் அறிவித்த பிறகு, சூட்டைக் கணக்கிடுவதே இத்துறையில் தனிப் பிழைப்பாகிவிட்டது.

கிடைத்த மணம் நிற்பதில்லை, பறந்துவிடும். அதைப் பிடித்து வைக்க மால்டோடெக்ஸ்ட்ரின், அரபுப் பிசின் அல்லது மாற்றியமைத்த ஸ்டார்ச்சைக் கரைத்து, மணப்பொருளை அதில் நுண்துளிகளாகக் கலந்து, கரைசலைத் தெளித்து உலர்த்தும் இயந்திரமான ஸ்பிரே டிரையரின் சூடான காற்றுக்குள் பீய்ச்சுகிறார்கள். உள்ளே போகும் காற்று 160 முதல் 200 டிகிரி வரை இருக்கும். வெளியேறும்போது 80, 90க்கு இறங்கியிருக்கும். நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் துளி அவ்வளவு சூடாவதில்லை. காய்ச்சிய பாலில் ஆடை படிவது போலத் துளியின் மேல் உறையாக ஒரு தோல் படிகிறது. நீரின் மூலக்கூறு சிறியது, அந்தத் தோலைக் கடந்து வெளியேறிவிடுகிறது. மணத்தின் மூலக்கூறு பெரியது, உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கீழே கண்ணாடிக் குடுவையில் வெளிர்மஞ்சள் தூள் விழும். மூடியைத் திறந்தால் வாசனை அவ்வளவாக இருக்காது. ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டால்தான் அறை மணக்கும். மூடியைத் திறந்ததுமே மூக்கைத் துளைத்தால் உறை சரியாக அமையவில்லை என்று பொருள்.

ஐயா, அந்த உறையில் உங்கள் தொழிலும் இருக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் ஸ்டார்ச்சை நொதியாலோ அமிலத்தாலோ உடைத்துச் செய்வது. தனக்கென்று வாசனை அதிகம் இல்லாததால் மரவள்ளி ஸ்டார்ச் இதற்கு ஏற்றது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசியைத் தாண்டி என்னென்ன செய்யலாம் என்று தெரிந்த பட்டதாரிகள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்? அதற்காக மகள் படித்து முடித்ததும் ஆலையை மாற்றிவிடுவாள் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்கு வேறு இயந்திரம், வேறு முதலீடு வேண்டும்.

இனி மகளின் கேள்வி. அவள் சந்தேகம் சரியானது. அலமாரியில் மறந்துபோன பால்பவுடர் மாதக்கணக்கில் மெல்லப் பழுப்பாவது இதே வினையால்தான். ஆகவே வினைபுரியும் பொருள்களில் ஒன்றுக்கு உருகும் கொழுப்பால் மேல்பூச்சுக் கொடுத்துப் பிரித்து வைக்கிறார்கள். 60, 70 டிகிரியில் பூச்சு உருகும், பொருள்கள் சந்திக்கும், வாணலியிலோ அடுப்பிலோ சூடு ஏற ஏற மணம் புதிதாகப் பிறக்கும். மைக்ரோவேவில் உணவின் மேற்புறம் பொதுவாக நீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. அதனால் எளிதில் சிவப்பதும் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டவும் இப்படிப்பட்ட பூச்சுத் தூள்களை முயன்று பார்க்கிறார்கள்.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். முதல் வேலை பெரும்பாலும் பிஸ்கட், பால், மசாலா ஆலைகளில் தரக்கட்டுப்பாடாகத்தான் இருக்கும். ஷிப்டு உண்டு. மென்பொருள் துறைக்குப் போகும் தோழியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் மனம் சுணங்கும். ஜிவாடன், சிம்ரைஸ், ஐ.எஃப்.எஃப். போன்ற நறுமண நிறுவனங்களில் சுவையை உருவாக்கும் நாற்காலிகள் குறைவு. அமெரிக்காவில் முழுச் சான்று பெற்ற சுவை வல்லுநராக ஒருவர் மூத்தவரிடம் சுமார் ஏழு ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். மூக்கை வளர்க்கக் குறுக்குவழி கிடையாது. ஸ்பிரே டிரையரை ஓட்டவும் உறைப்பொருளைத் தேர்ந்தெடுக்கவும் தெரிந்தவர்களுக்கோ உத்தரப் பிரதேசத்தின் அத்தர் நகரமான கன்னோஜிலிருந்து கொச்சி வரை வேலை இருக்கிறது. நறுமணப் பொருள் ஆலைகள் மட்டுமல்லாமல் மருந்து, காப்பி, பால்பவுடர் ஆலைகளுக்கும் அவர்கள் வேண்டும். நான் உங்கள் மகளுக்குச் சொல்வது இந்த இரண்டாவது வாசலை.

எங்கே படிப்பது? சென்னையில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பி.டெக். உண்டு. முதலாவதுக்குப் பொறியியல் கலந்தாய்வு; வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். தஞ்சாவூரில் நிஃப்டெம் எனப்படும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வேண்டும். இவை கிடைக்காமல், பெயருக்கு ஆய்வகம் வைத்திருக்கும் தனியார் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் கிடைத்தால், நான் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். அதைவிட நல்ல கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினீயரிங் மேல். பிறகு கேட் தேர்வில் உணவுத் தொழில்நுட்பப் பகுதியை எழுதி எம்.டெக். போகலாம். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்சி.க்கு முயல்வதும் மதிப்பான வழி. உறவுக்காரர்கள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

பெண் பிள்ளையைப் பெற்றவர் என்பதால் கட்டாயம் இதையும் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரியில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு மீளமுடியாத நுரையீரல் நோய் கண்டது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலின் ஆவியைச் சுவாசித்ததோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. உண்பவருக்கு ஆகாத பொருள் என்பதல்ல. நாளெல்லாம் ஆவியில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. நுண்தூள் காற்றில் மிதந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கவும் கூடும்; ஸ்டார்ச் தூசியோடு வாழும் உங்களுக்கு இது புதிதல்ல. மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் முடிவெடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது விடுதியையும் உணவகத்தையும் சுற்றிக் காட்டுவார்கள். அதெல்லாம் ஆகட்டும். ஸ்பிரே டிரையர் இருக்கும் அறையைத் திறக்கச் சொல்லி, அதன் பதிவேட்டைக் கேளுங்கள். கடைசியாக ஓட்டிய தேதி போன வாரமாக இருந்தால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.