சென்னையின் மன்றோ சிலை, ஸ்காட்லாந்தின் மன்றோ மலைகள், நடிகை மர்லின் மன்றோ: எல்லோரும் ஒரே குடும்பமா?

இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு பேர் தாத்தாவும் பேரனும். அது தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மன்றோ என்பது வட ஸ்காட்லாந்தில் ராஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு குலத்தின் பெயர். ஃபௌலிஸ் கோட்டைதான் அவர்களின் தலைமை இடம். அந்தக் காலத்தில் குலத்தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவர் பெயரையே வைத்துக்கொள்வதுண்டு. அதனால் பெயர் ஒன்றாக இருந்தால் ரத்த உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலத்தில் இதை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். தமிழில் எழுதும்போது எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

மர்லினுக்கு அது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவுக்குக் கணவர் வழியாக வந்தது. அமெரிக்காவின் ஐந்தாவது அதிபர் ஜேம்ஸ் மன்றோவின் முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து போனவர்கள். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியா அவர் பெயரில்தான் இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1720 முதல் 1846 வரை அப்பா, மகன், பேரன் என்று மூன்று அலெக்சாண்டர் மன்றோக்கள் உடற்கூறியல் பேராசிரியர்களாக இருந்தார்கள். மூளைக்குள் திரவம் போகும் ஒரு சிறு வழிக்கு இன்றும் மன்றோ துளை என்றே பெயர். நடு மன்றோ விவரித்தது அது.

சரி, நம் சென்னைச் சிலைக்கு வருவோம். சேணமும் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் மகன். சிற்பி சான்ட்ரி அவற்றை மறந்துபோய் விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். லண்டனில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையும் அப்படித்தான் இருக்கிறது.

தாமஸ் 1780இல் சென்னைக்கு வந்தபோது வயது 18. அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். உதவிக்குப் போயிருக்க வேண்டிய தளபதி காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டார். பிறகு கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அவர் பெயர் ஹெக்டர் மன்றோ. அந்தப் படையில்தான் இளைஞன் தாமஸும் இருந்தார். ஒரே படை, ஒரே பெயர், ஆனால் வேறு வேறு குடும்பம். ஹெக்டர் ராஸ் பகுதியின் நோவார் பண்ணைக்காரர்.

தாமஸ் பிறகு பாராமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) வரி நிர்வாகம் பழகி, விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை வளர்த்து, சென்னை ஆளுநரானார். 1827இல் இன்றைய ஆந்திராவில் உள்ள பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அவர் மகன் கேம்பலின் மகன்தான் ஹ்யூ மன்றோ. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891இல் பட்டியலிட்டவர். இன்றைய கணக்கில் 282 மலைகள். அவற்றுக்கு 'மன்றோ' என்றே பெயர். எல்லாவற்றிலும் ஏற ஆசைப்பட்டார், முடியாமலே 1919இல் காலமானார்.

எனக்கு ஊர் நாகப்பட்டினம். அதனால் ஹெக்டரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து எங்கள் ஊரைப் பிடித்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு, தன் ஊர்ப் பக்கம் பஞ்சத்தில் தவித்தவர்களுக்கு வேலை கொடுக்க, ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் கல்லால் ஒரு நினைவுச்சின்னம் கட்ட வைத்தார். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கட்டியது அது. இங்கே டச்சுக் கோட்டை போய்விட்டது. அதன் வாசல் ஸ்காட்லாந்துக் காற்றில் நிற்கிறது. குன்றின் உயரம் 453 மீட்டர்தான், ஹ்யூவின் பட்டியலில் சேராது. ஆனால் என்றாவது அங்கே போனால் நான் முதலில் ஏறப்போவது அதில்தான்.