மாநிலம் தந்த உத்தரவாதம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வங்கி திவாலானாலும் டெபாசிட் செய்தவருக்குப் பணம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டை அமெரிக்க மத்திய அரசு 1933-இல் கொண்டுவந்தது என்று படித்திருக்கிறேன். அதற்கு முன்பே அங்குள்ள சில மாநிலங்கள் இதற்குச் சட்டம் இயற்றிவிட்டன என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: நண்பர் சொல்வது சரி. மத்திய அரசை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முந்திக்கொண்ட மாநிலம் நியூயார்க். ஜோஷுவா ஃபோர்மன் என்ற வணிகர் வகுத்துக் கொடுத்த திட்டத்தை அப்போதைய ஆளுநர் மார்ட்டின் வான் பியூரன் ஆதரிக்க, 1829-இல் ‘பாதுகாப்பு நிதி’ச் சட்டம் நிறைவேறியது. சீனத்தின் கேன்டன் துறைமுகத்தில் அயல்நாட்டாரோடு வாணிபம் செய்யும் தனியுரிமை பெற்றிருந்த ஹாங் வணிகர்கள், தங்களில் ஒருவர் நொடித்துப்போனால் அவருடைய கடனை மற்றவர்கள் சேர்ந்து அடைக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். அந்த ஏற்பாட்டிலிருந்தே இந்த யோசனை தமக்குக் கிடைத்ததாக ஃபோர்மன் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வங்கியும் ஆண்டுதோறும் தன் மூலதனத்தில் அரை விழுக்காட்டை, மொத்தம் 3 விழுக்காடு சேரும்வரை, பொது நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது விதி.

அந்தக் காலத்தில் வங்கிகள் தாமே நோட்டு அச்சிட்டு வெளியிட்டதால், மக்களின் பெரிய கவலை டெபாசிட்டைவிடக் கையிலிருக்கும் நோட்டைப் பற்றியதாகவே இருந்தது. நியூயார்க் சட்டம் தொடக்கத்தில் இரண்டுக்கும் சேர்த்தே பொறுப்பேற்றது. 1840-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்துப் பல வங்கிகள் விழுந்து நிதி கரைந்துபோன பிறகு, 1842-இல் அந்தப் பொறுப்பு நோட்டுகளோடு நிறுத்திக்கொள்ளப்பட்டது. வெர்மான்ட், இண்டியானா, மிச்சிகன், ஒஹாயோ, அயோவா ஆகிய மாநிலங்களும் 1831 முதல் 1858 வரையான காலத்தில் இதைப் போன்ற ஏற்பாடுகளைச் செய்துகொண்டன. மாநில வங்கிகளின் நோட்டுகள்மீது மத்திய அரசு 10 விழுக்காடு வரி விதித்ததும், அந்த வங்கிகள் மத்திய அரசின் உரிமம் பெற்ற தேசிய வங்கிகளாக மாறத் தொடங்கின. அதோடு முதல் அத்தியாயம் முடிந்தது.

கேள்வி: இவற்றில் எதுவுமே தேறவில்லையா?

பதில்: இண்டியானா நன்றாகவே தேறியது. 1834-இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஏற்பாட்டில் இருந்த ஒரு வங்கிகூடத் திவாலாகவில்லை. இத்தனைக்கும் அங்கே முன்கூட்டிச் சேர்த்துவைத்த நிதி என்று எதுவும் கிடையாது. அங்குள்ள வங்கிகள் ஒரே மாநில வங்கியின் கிளைகளாக இயங்கின; ஒரு கிளை விழுந்தால் அதன் கடனை மற்றக் கிளைகள் தம் கையிலிருந்து அடைத்தாக வேண்டும். அதே சட்டம், கிளைகளின் பிரதிநிதிகள் இடம்பெற்ற ஒரு வாரியத்துக்கு, எந்தக் கிளையின் கணக்கையும் சோதிக்கவும், கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தவும், தேவையானால் இழுத்து மூடவும் அதிகாரம் கொடுத்திருந்தது. அடுத்தவர் கடனைத் தாமே கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த தணிக்கை எவ்வளவு கறாராக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒஹாயோவும் அயோவாவும் இதே வழியில் சென்றன. நிதியை மட்டும் திரட்டிவிட்டுக் கண்காணிப்பைக் கோட்டைவிட்ட மிச்சிகன் சில ஆண்டுகளிலேயே சரிந்தது. பின்னால் வந்த மாநிலங்கள் இந்த வேறுபாட்டைப் படித்திருந்தால், அடுத்த அத்தியாயத்தில் பல இழப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஓக்லஹோமாவின் சட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவது ஏன்? அது எப்படிப் பிறந்தது, எப்படி முடிந்தது?

பதில்: டெபாசிட்டுக்கே நேரடியாகப் பொறுப்பேற்ற இரண்டாம் அலை அங்கிருந்துதான் புறப்பட்டது. 1907 அக்டோபரில் நியூயார்க்கில் மூண்ட நிதிப் பீதியில் நாடெங்கும் வங்கிகள் ரொக்கம் கொடுப்பதை நிறுத்தியிருந்த நிலையில், நவம்பர் 16-ஆம் நாள் ஓக்லஹோமா தனி மாநிலமாயிற்று. ஆளுநர் சார்லஸ் ஹாஸ்கெல் சுமார் ஒரு மாதத்தில் இந்தச் சட்டத்தை நிறைவேற்றவைத்தார். கன்சாஸ், நெப்ராஸ்கா, டெக்சஸ், மிசிசிப்பி, தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களும் அடுத்த பத்தாண்டுகளில் அதே வழிக்கு வந்தன. 1908 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட நெப்ராஸ்காக்காரர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் இதை நாடு முழுமைக்குமான வாக்குறுதியாகவே முன்வைத்தார். அவரைத் தோற்கடித்த டாஃப்டின் கட்சி அதற்கு மாற்றாக அஞ்சலகச் சேமிப்பு வங்கியை முன்னிறுத்தியது.

வங்கியாளர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் வங்கியின் பணத்தை எடுத்து, ஊதாரித்தனமாகக் கடன் கொடுத்த வங்கியின் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதாகாதா என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். 1911 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பொது நன்மைக்காகத் தனியார் சொத்தில் சிறு பகுதியை இப்படி எடுப்பதை அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். சட்டம் நிலைத்துவிட்டது. ஆனால் வங்கியாளர்களின் கேள்வியிலிருந்த நியாயம் அதனால் மறைந்துவிடவில்லை.

ஓக்லஹோமா சிட்டியிலிருந்த கொலம்பியா வங்கியைப் பாருங்கள். உத்தரவாதம் வந்த பிறகு ஒரே ஆண்டில் அதன் டெபாசிட் பல மடங்கு பெருகியது. மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு இருப்பதாக விளம்பரம் செய்து பணத்தைத் திரட்டுவது எளிதாகிவிட்டதால், வங்கியின் நேர்மையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. 1909 செப்டம்பரில் அது மூடப்பட்டபோது உத்தரவாத நிதி கலகலத்துப்போனது. பிறகு மற்ற வங்கிகளிடம் மீண்டும் மீண்டும் கூடுதல் வசூல் நடந்தது. அதைத் தாங்காத வங்கிகள் தேசிய உரிமம் பெற்று வெளியேறின. எஞ்சியவற்றின் தலையில் சுமை மேலும் ஏறியது. டெபாசிட்தாரருக்கு ரொக்கத்துக்குப் பதிலாக வட்டியோடு கூடிய கடன் பத்திரங்கள் கிடைத்தன. 1923-இல் சட்டம் நீக்கப்பட்டபோது அவற்றுள் பல பணமாகாமலேயே நின்றன.

கேள்வி: எட்டு மாநிலங்களின் சட்டங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வீழ்ந்ததற்கு வங்கியாளர்களின் மோசடிதான் காரணமா?

பதில்: மோசடி இருந்தது, ஆனால் முதன்மைக் காரணம் அதுவன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை புஷல் (சுமார் 27 கிலோ) ஒன்றுக்கு 2 டாலரைத் தாண்டியபோது, விவசாயிகள் வாங்கிய நிலத்துக்கெல்லாம் இந்தச் சிற்றூர் வங்கிகளே கடன் கொடுத்தன. 10,000 டாலர் மூலதனம் இருந்தாலே வங்கி தொடங்கலாம் என்று சில மாநிலங்கள் விதி வைத்திருந்ததால் தேவைக்கு மேல் வங்கிகள் முளைத்திருந்தன. அவை பெரும்பாலும் கிளைகள் இல்லாமல் ஒரே ஊரை நம்பியிருந்தவை. 1920-இல் விலை சரியத் தொடங்கி அடுத்த ஆண்டில் கோதுமை 1 டாலர் அளவுக்கு இறங்கியதும், ஒரு மாநிலத்தின் எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் கடன்கள் வாராக்கடன்களாயின. நிதிக்குப் பணம் கட்ட வேண்டியவர்களும் நிதியிடம் பணம் கேட்டு நின்றவர்களும் அதே விளைநிலங்களை நம்பியிருந்தவர்கள் என்றால், அந்த நிதி எத்தனை நாள் தாங்கும்?

பலர் கவனிக்கத் தவறும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சட்டம் மாநிலத்தினுடையது என்பதால், மாநிலக் கருவூலமே தங்களுக்குப் பொறுப்பு என்று டெபாசிட்தாரர்கள் நம்பினார்கள். உண்மையில் அவர்களுக்குப் பின்னால் நின்றது வங்கிகள் கட்டிய சந்தா மட்டுமே. அது தீர்ந்தபோது அரசு தன் பணத்தைக் கொடுக்க முன்வரவில்லை. நெப்ராஸ்காவில் 1923-இல் அமைக்கப்பட்ட உத்தரவாத நிதி ஆணையம், நொடித்த வங்கிகளை உடனே மூடிக் கணக்குத் தீர்க்காமல், அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துத் தொடர்ந்து நடத்தியது. மூடினால் நிதி காலியாகிவிடும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் நாள் கடக்கக் கடக்க இழப்பு பெருகி, 1930-இல் சட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் 1921-இல் சியாட்டில் நகரின் ஒரு பெரிய வங்கி விழுந்ததே அந்த ஏற்பாடு குலையப் போதுமானதாக இருந்தது.

கேள்வி: இத்தனை தோல்விகளுக்குப் பிறகு மத்திய அரசு எந்தத் துணிச்சலில் இதில் இறங்கியது? அதன் பிறகு மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டனவா?

பதில்: துணிச்சல் நாடாளுமன்றத்தினுடையது, குறிப்பாக ஹென்றி ஸ்டீகல் என்ற உறுப்பினருடையது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், தனித்தனி வங்கிகள் செய்யும் தவறுகளுக்கு அரசு பொறுப்பேற்கக் கூடாது என்று கருதியவர். வங்கியாளர் சங்கமும் மாநிலங்களின் கதையை எடுத்துக்காட்டி எதிர்த்தது. எனினும் 1933 ஜூனில் சட்டம் நிறைவேறி, 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை காப்பீடு நடைமுறைக்கு வந்தது. கன்சாஸில் விளைச்சல் பொய்த்தாலும் பென்சில்வேனியாவின் வங்கி சந்தா கட்டும் என்பதுதான் மாநிலங்களுக்கு எட்டாத பலம். அந்த உச்சவரம்பு 2008 முதல் 250,000 டாலராக இருக்கிறது.

மாநிலங்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. சேமிப்பு நிறுவனங்களுக்கென்று மாநிலச் சட்டத்தின் ஆதரவோடு தனியார் உத்தரவாத நிதிகள் பல மாநிலங்களில் இயங்கின. 1985 மார்ச்சில் சின்சினாட்டியின் ஹோம் ஸ்டேட் சேமிப்பு வங்கி விழுந்தபோது, அந்த ஒரே நிறுவனத்தின் இழப்பு ஒஹாயோ நிதியின் முழு இருப்பையும் மிஞ்சியது. ஆளுநர் செலெஸ்ட் சுமார் 70 நிறுவனங்களைத் தற்காலிகமாக மூடினார். இரண்டு மாதங்களில் மேரிலாந்திலும் இதே கதை நடந்தது. ரோட் தீவில் 1991 புத்தாண்டு நாளில் பதவியேற்ற ஆளுநர் சண்ட்லன், அன்றே 45 நிறுவனங்களை மூட உத்தரவிட்டார். டெபாசிட்தாரருக்குப் பணம் திருப்பித் தர அங்கே விற்பனை வரியில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டியிருந்தது.

தப்பிப் பிழைத்தது மாசசூசெட்ஸ். அங்கே 1930-களில் சட்டத்தால் உருவான சேமிப்பு வங்கிகளின் நிதி இன்றும் இயங்குகிறது. அதன் உறுப்பு வங்கிகள் அனைத்தும் மத்தியக் காப்பீட்டிலும் சேர்ந்திருக்கின்றன. 250,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே இந்த நிதி பொறுப்பேற்கிறது.