நூறு இன்ச் என்றால் எந்த நூறு இன்ச்?

கேள்வி: '100 இன்ச் ஹோம் தியேட்டர் ஸ்கிரீன், 16:9, 4கே' என்று பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். படம் ஓட்டினால் மேலும் கீழும் வெள்ளையாக இடம் மிஞ்சுகிறது. அளந்தால் படம் 92 இன்ச்தான். புரொஜெக்டரில் கோளாறா?
— வாசகர், ஈரோடு

பதில்: புரொஜெக்டர் மேல் பழி இல்லை. உங்கள் தலையில் கட்டியது 4:3 திரை (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு). மூலைக்கு மூலை அளந்தால் 100 இன்ச் இருக்கும், "நான் எங்கே பொய் சொன்னேன்?" என்று விற்றவர் சாதிப்பார். அதன் அகலம் 80 இன்ச், உயரம் 60. இன்றைய தொடர், கிரிக்கெட், டிவி எல்லாமே 16:9. 80 இன்ச் அகலத்தில் அது 45 இன்ச் உயரம்தான் வரும். பாக்கி 15 இன்ச் துணிக்கு வீணாகக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்குத் தீராத எரிச்சல் இந்த விஷயத்தில்தான். வகுப்பறைக்கும் மீட்டிங் ஹாலுக்கும் போய்க்கொண்டிருந்த வடிவத்துக்கு 'ஹோம் தியேட்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கறுப்பு ஓரத்தையும் சேர்த்து அளந்து சொல்கிறவர்களும் உண்டு. ஆகவே மூலை அளவை நம்பாதீர்கள். படம் விழும் பகுதியின் அகலம், உயரம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். 16:9இல் 100 இன்ச் என்றால் 87க்கு 49. 120 இன்ச் என்றால் நூற்று நாலரைக்கு 59. சொல்லத் தயங்கினால் அடுத்த கடை. '4கே ஸ்கிரீன்' இன்னொரு கூத்து. 4கே என்பது படத்தின் புள்ளிக் கணக்கு, துணியின் தரமல்ல. 100 இன்ச் படத்தில் 4கே புள்ளி ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல். வழவழப்பான சாதாரணத் துணியின் நெசவே அதைவிட நுணுக்கம்.

விளம்பரத்தில் 16:9 என்று இருந்ததால் சட்டம் உங்கள் பக்கம். அந்தப் பக்கத்தை மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டேப்பை விரித்துவைத்துத் திரையைப் படம் பிடியுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள்: 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் போதாதா?
— வாசகர், சிவகங்கை

பதில்: வெளிச்சத்தில் ஒரு பகுதி துணியில் தங்காமல் பின்னால் போய்விடும். வேட்டியை இடுப்பில் கட்டுங்கள், படத்தைச் சுவரில் பாருங்கள்.

கேள்வி: பழைய ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கம்?
— வாசகர், தேனி

பதில்: பளபளப்பு இருப்பதால் நடுவில் வெளிச்சத் திட்டு விழும். உள்ளே இருக்கும் வலையின் கட்டங்கள் வெள்ளைக் காட்சியில் தெரியும். முன்பக்கத்துத் தலைவரும் எட்டிப் பார்ப்பார்.

கேள்வி: நானே திரை செய்ய ஆசை. ஆசாரி கூலி இல்லாமல், குறைந்த செலவில் வழி சொல்லுங்கள்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: 54 இன்ச் அகலத்தில் வரும் வெளிச்சம் புகாத வெள்ளை பிளாக்அவுட் ஜன்னல் துணி இரண்டரை மீட்டர் வாங்குங்கள். ஒட்டுப் போடாமல் 90 இன்ச் திரை கிடைக்கும். 100 இன்ச்சுக்கு ஆசைப்பட்டால் பின்னால் மடிக்கத் துணி போதாது. கடையில் 'வெள்ளை' என்று கொடுப்பது பல நேரம் சந்தன நிறம். ஒரு ஏ4 தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் செல்போன் டார்ச் அடித்து, மின்னாத பக்கத்தை முன்னால் வையுங்கள். மடித்து வாங்காதீர்கள். குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள். ரப்பர் பூச்சில் விழுந்த மடிப்பு லேசில் போகாது, இஸ்திரி வைத்தால் பூச்சே போய்விடும்.

2க்கு 1 இன்ச் ரீப்பர் கட்டை: 7 அடியில் இரண்டு, 4 அடியில் மூன்று. ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைந்ததை ஒதுக்குங்கள். சட்டத்தின் வெளி அளவு எண்பத்திரண்டரைக்கு 48 இன்ச். நெடுங்கட்டை இரண்டையும் எண்பத்திரண்டரையாக வெட்டி, அவற்றுக்கு நடுவே 44 இன்ச் கட்டைகளைப் பொருத்துங்கள். இரு ஓரத்துக்கு இரண்டு, மூன்றாவது நடுவில் முட்டுக்கு. மூலைகளில் பின்பக்கம் முக்கோண பிளைவுட் துண்டு, ஃபெவிகால், ஸ்க்ரூ. பசை காயுமுன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணல்.

பலரும் கோட்டைவிடும் இடம் அடுத்தது. சட்டத்தின் முன்பக்க வெளிவிளிம்பில் கால் இன்ச் பீடிங் (மெல்லிய மரப்பட்டி) அடியுங்கள். துணி பீடிங்கில் மட்டும் பட வேண்டும். இல்லாவிட்டால் நடு முட்டு துணியில் அழுந்தி, படத்தின் குறுக்கே ஒரு கோடு நிற்கும்.

துணியைத் தரையில் விரித்து, மேலே சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். நாலு பக்கமும் 3 இன்ச் மிஞ்ச வேண்டும். ஸ்டேப்பிள் முதலில் மேல் நடுவில், பிறகு கீழ் நடுவில், இடம், வலம். அங்கிருந்து எதிரெதிராக, 2 இன்ச்சுக்கு ஒன்றாக மூலையை நோக்கிப் போங்கள். மூலையில் ஆரம்பித்தால் சாய்வாகச் சுருக்கம் விழும், பிறகு எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதுதான். கடைசியில் முன்பக்கம் சுற்றிலும் 2 இன்ச் கறுப்பு வெல்வெட் பட்டி. உள்ளே எழுபத்தெட்டரைக்கு 44, அதாவது மூலைக்கு மூலை 90 இன்ச். ஓரத்தில் வழியும் வெளிச்சத்தை வெல்வெட் விழுங்கிவிடும். கறுப்பு சாட்டின் வாங்கினால் அது மின்னும்.

கேள்வி: 8,000 ரூபாய்க்கு 9,000 லூமன்ஸ் புரொஜெக்டர் வாங்கிவிட்டேன். ஹாலில் மூன்று ஜன்னல். பகலில் படம் மங்கல். பிரகாசமாக்கும் ஸ்கிரீன் எது?
— வாசகர், திருப்பூர்

பதில்: எதுவும் இல்லை. திரை என்ன விளக்கா? லூமன்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. டப்பாவில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆன்சி' (ANSI) அல்லது 'ஐஎஸ்ஓ' (ISO) என்று அளவுமுறை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த எண் அலங்காரம். 100 இன்ச் படம் சுமார் 30 சதுர அடி. இருட்டறையில் உண்மையான 500 லூமன்ஸே தாராளம். மூன்று ஜன்னல் வெயிலோடு மல்லுக்கட்ட அது ஆகாது. கெயின் 2, அதாவது இரு மடங்கு வெளிச்சம், என்று விற்கும் திரை வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. நடுவில் உட்கார்ந்தவருக்குக் கூட்டி, ஓரத்தில் இருப்பவருக்குக் குறைக்கிறது. முதலில் ஜன்னலுக்குத் திரை வாங்குங்கள். அறையின் நீளத்தையும் நீங்கள் எழுதவில்லை. இத்தனை வாங்கியவர் ஒரு டேப்பும் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: சீலிங்கில் தொங்கும் புரொஜெக்டருக்கு, "பகலிலும் பளிச்" என்று கடைக்காரர் 40,000 ரூபாய்க்குக் கறுப்புத் திரை மாட்டிவிட்டார். பழைய சுவரே தேவலை.
— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. அது சுவரை ஒட்டித் தரையோரம் வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டருக்கான திரையாக இருக்கும். அதன் நுண்ணிய வரிகள் கீழிருந்து வரும் ஒளியை மட்டும் உங்களிடம் திருப்பும். மேலிருந்து வருவதை உறிஞ்சும். சீலிங் விளக்கை விழுங்க வேண்டிய திரை உங்கள் புரொஜெக்டரையே விழுங்குகிறது. புரொஜெக்டர் மாடல் பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ இருந்தால், தெரிந்தே பொருந்தாததை விற்றதற்கு அதுவே சாட்சி. மாற்றித் தரவோ பணம் திருப்பவோ எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் 1915.

கேள்வி: மோட்டாரில் இறங்கும் திரை, கையால் இழுப்பது: எது?
— வாசகர், வேலூர்

பதில்: பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் 'டேப் டென்ஷன்' (tab tension) இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஓரம் சுருண்டு, அலை விழும். நீச்சல் காட்சிக்கு மட்டும் பொருந்தும். என் பரணில் கிடப்பதும் அந்த ரகம். நிரந்தரமாக மாட்ட இடம் இருந்தால் சட்டத் திரையே வாங்குங்கள்.

கேள்வி: சுவருக்குப் பெயின்ட் அடித்தே சமாளிக்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: தாராளமாக. இரண்டு முறை பட்டி பார்த்து, 180, பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். அதைச் சரிசெய்த பிறகே பிரைமர். மேலே மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட், ரோலரில். பெயின்டர் "கழுவ வசதியா இருக்கும்" என்று மினுமினுக்கும் சாட்டின் பெயின்ட் டப்பாவை நீட்டுவார். வாங்காதீர்கள்.