கெடு வைத்த படிப்பா, கெடு இல்லாத படிப்பா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் உதவியாளராக இருக்கிறேன். பிளஸ் டூவில் கணிதம் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டேன். புத்தகங்கள் பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல் பரணில் கிடக்கின்றன. இப்போது டேட்டா சம்பந்தமான வேலைக்கு மாற ஆசை. என் வசதிப்படி படிக்கக்கூடிய, இக்னோவின் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) கணினிப் பட்டமான பி.சி.ஏ. சேர்வதா, வாராவாரம் கெடு வைக்கும் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பட்டப்படிப்பான பி.எஸ். சேர்வதா? ஷிப்மென்ட் நேரத்தில் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடும். மகன் யூகேஜி படிக்கிறான். "உனக்கு இருக்கும் நேரத்துக்குக் கெடு இல்லாத படிப்புதான் சரி" என்கிறார் கணவர்.
— வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நேரம் இல்லாதவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனையும் அதுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு நேர்மாறாகப் படுகிறது. பி.காம். பாடம் புரியாமல் நின்றுபோகவில்லை, புத்தகத்தையே நீங்கள் பிரிக்கவில்லை. இன்றைக்குப் படிக்காவிட்டால் இன்றைக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றால், வீட்டில் இருக்கிற மற்ற வேலையெல்லாம் படிப்புக்கு முன்னால் வந்து நிற்கும். உங்கள் தொழிலிலேயே பாருங்களேன், ஷிப்மென்ட் தேதி போடாத ஆர்டரை எந்த யூனிட்டாவது முதலில் தைக்க எடுத்திருக்கிறதா?

இதைச் சொல்லிவிட்டு இக்னோவைக் குறை சொல்லக் கூடாது. 1985இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் உங்களைப் போன்றவர்களுக்காகவே உருவானது. மூன்று வருட இளநிலைப் படிப்பை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மாமனாருக்கு ஆபரேஷன் என்றால் அந்தத் தேர்வை விட்டுவிட்டு அடுத்த ஆறு மாதத்தில் எழுதலாம். ஆனால் நடுவில் இருக்கிற ஐந்து மாதத்தில் நீங்கள் படிக்கிறீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே அனுப்பியிருப்பேன். தமிழில் படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்களுக்கோ வேலையே மாற வேண்டும். அதற்குக் கை பழக வேண்டும், கை பழக வாரம் தவறாமல் உட்கார வேண்டும்.

சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். அப்படி உட்கார வைக்கும். ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றிலும் 12 வாரப் பாடம். வீடியோவை நள்ளிரவில்கூடப் பார்க்கலாம், ஆனால் அந்த வாரப் பயிற்சி குறிப்பிட்ட நாளோடு மூடிக்கொள்ளும். முதல் சில வாரங்களின் பயிற்சிகளில் போதிய மதிப்பெண் இல்லையென்றால் டெர்ம் கடைசித் தேர்வையே எழுத முடியாது. டெர்ம் நடுவில் வரும் குவிஸும் கடைசித் தேர்வும் வீட்டில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மகனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் பத்து மணி நேரம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். மகன் தூங்கிய பிறகு தினம் ஒரு மணி நேரம், ஞாயிறு காலை மூன்று, நான்கு மணி நேரம் என்றால் உங்களுக்கு ஒரு பாடம்தான் தாங்கும். தோழி இரண்டு எடுத்தாள், மூன்று எடுத்தாள் என்று பார்க்காதீர்கள். கட்டணமும் அந்த டெர்மில் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும்தான். சாதிச் சான்றிதழ், குடும்ப வருமானம் இவற்றைப் பொறுத்துச் சலுகையும் உண்டு. ஆனால் படிப்பை முடிக்க அதிகபட்சம் எட்டு வருடம்தான். டெர்முக்கு ஒன்று வீதமே போனால் அதற்குள் 24 பாடம்தான் முடியும், பட்டத்துக்கு அது பற்றாது. ஆகவே மகன் கொஞ்சம் வளர்ந்ததும் சில டெர்ம்களில் இரண்டு எடுத்தாக வேண்டும். முடியாமல் போனாலும் அடிப்படை நிலைச் சான்றிதழ், டிப்ளமோ என்று நடுவில் இறங்கிக்கொள்ள நிறுத்தங்கள் இருக்கின்றன.

உண்மையான கஷ்டம் நுழைவாயிலில்தான். தகுதித் தேர்வுக்கு முன் நான்கு வாரம், நான்கு பாடமும் ஒரே நேரத்தில் ஓடும். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை (ஒரு வேலையைக் கணினிக்கு ஏற்றபடி படிப்படியாகப் பிரித்து யோசிப்பது). அந்த ஒரு மாதம் எந்த பையரின் ஆர்டரும் கழுத்தைப் பிடிக்காத மாதமாக இருக்கட்டும். உங்கள் நிறுவனத்தில் எப்போது வேலை மந்தம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள், செலவில்லை. ஐஐடிகள் முதலியவை ஆன்லைனில் பாடம் நடத்தும் என்பிடெல் தளத்தில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேருங்கள். சேர்வது இலவசம், தேர்வு எழுத விரும்பினால் மட்டும்தான் பணம். பெரும்பாலான 12 வாரப் பாடங்களில் சிறந்த எட்டு வாரப் பயிற்சிகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஷிப்மென்ட் பரபரப்பில் நான்கு வாரம் போனாலும் பாதகமில்லை. எட்டு வாரம் சமர்ப்பித்துவிட்டீர்கள் என்றால் பி.எஸ்.ஸுக்கு விண்ணப்பியுங்கள். ஐந்தாவது வாரமே நின்றுவிட்டால், நேரம்தான் போதவில்லையா, பாடமே பிடிக்கவில்லையா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பி.சி.ஏ.வும் உங்களுக்கு வேண்டாம். நேரம்தான் குறை என்றால் மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம்.

தொலைதூரப் பட்டம் செல்லுமா என்று உங்கள் மாமியார் கேட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், அனுமதி பெற்ற படிப்பு என்றால் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. இக்னோவோ வேறு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, பணம் கட்டும் முன் நீங்கள் சேரும் படிப்பின் பெயர் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில், அந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் யாராவது "அதெல்லாம் வந்துவிடும் மேடம்" என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்.