படுத்தால் அரிப்பு: பெரியவர்களுக்கும் கீரிப்பூச்சி வருமா?

கேள்வி: எனக்கு வயது 43. சில மாதங்களாக ஆசனவாயில் கடுமையான அரிப்பு. பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை, படுத்துக் கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடுகிறது. மூலமாக இருக்கும் என்று ஒரு களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நிற்கவில்லை. மலப் பரிசோதனை செய்தேன், புழு எதுவும் இல்லை என்று வந்தது. பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கும் என் மகளுக்குப் போன மாதம் கீரிப்பூச்சி என்று மாத்திரை கொடுத்தோம். பெரியவர்களுக்கும் அது வருமா? மனைவியிடம்கூட சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: வரும். மகளைப் பற்றி ஏதோ போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வீட்டில் ஒரு குழந்தைக்குக் கீரிப்பூச்சி என்றால், அதே வீட்டில் தூங்கி எழும் பெரியவர்களுக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வைத்தியம் பார்ப்போம். மாத்திரை மகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

இரவில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். இந்தப் புழு பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் வாழ்கிறது. பெண் புழு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். நீங்கள் தூங்கும் நேரத்தில் அது ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோல் மடிப்புகளில் பத்தாயிரம் முட்டை வரை இடும். அந்த முட்டைகளில் பசை போன்ற ஒரு பூச்சு உண்டு. அதனாலும் புழு ஊர்வதாலும்தான் அரிப்பு. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் அந்த முட்டை அடுத்தவருக்குத் தொற்றத் தயாராகிவிடுகிறது. நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் சொறிந்த கையின் நகத்துக்கடியில், காலையில் நீங்கள் கண் விழிக்கும்போது அது தயாராக இருக்கும். வாய்க்குப் போனால் அங்கிருந்து மறுபடி முதல் சுற்று.

மலப் பரிசோதனையில் வராததற்கும் இதுவே காரணம். முட்டை மலத்தில் இல்லை, வெளியே தோலில் இருக்கிறது. மலத்தைப் பார்த்துவிட்டு 'புழு இல்லை' என்று சொல்வதைக் கீரிப்பூச்சி விஷயத்தில் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கென்று 1941-இலேயே சொல்லப்பட்ட ஒரு சோதனை இருக்கிறது, செல்லோடேப் போதும். காலையில் எழுந்ததும், மலம் கழிப்பதற்கும் குளிப்பதற்கும் முன்னால், மங்கலாக இல்லாத தெளிவான டேப்பில் ஒரு துண்டு எடுங்கள். ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் அழுத்தி எடுத்து, அப்படியே கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி லேபில் கொடுங்கள். மைக்ரோஸ்கோப்பில், ஒரு பக்கம் தட்டையான நீள்வட்ட முட்டைகள் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஒரு நாள் எடுத்தால் பாதிப் பேருக்குத்தான் அகப்படும். தொடர்ந்து மூன்று காலை எடுத்தால் பெரும்பாலும் தப்பாது. கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மருந்து எளிது. அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வேளை. மெபெண்டசோலும் இப்படித்தான் இரண்டு தடவையாகக் கொடுக்கப்படும். இந்த இரண்டாவது வேளையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இன்று விழுங்கிய முட்டை பொரித்து வரும் புழுவைப் பிடிக்கத்தான் அடுத்த வேளை. காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள்.

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன். மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நீங்கள் மட்டும் ரகசியமாக மாத்திரை சாப்பிட்டால் வீட்டில் வேறு யாரிடமிருந்தாவது உங்களுக்கே திரும்பி வரும். உங்கள் மனைவி, மகள், வீட்டில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் சாப்பிட வேண்டும். மகளுக்கும் சேர்த்துத்தான். போன மாதம் கொடுத்தது கணக்கில் வராது. பெண்களுக்கு இந்தப் புழு பிறப்புறுப்புக்குள்ளும் போய் அங்கே அரிப்பையும் வெள்ளைப்படுதலையும் உண்டாக்கலாம். அவரும் உங்களைப் போலவே சொல்லாமல் இருக்கலாம், யார் கண்டது? வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தாலும், இரண்டு வயதுக்குள் குழந்தை இருந்தாலும், கல்லீரல் நோய் உள்ளவர் இருந்தாலும் அவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இது அழுக்கானவர்களுக்கு வரும் நோய் இல்லை. துடைத்து வைத்த வீட்டிலும் வருகிறது. அதனால் வீடு முழுக்கக் கிருமிநாசினி தெளித்துக் களைத்துப் போக வேண்டாம். காலையில் எழுந்ததும் குளிப்பது, அப்போதே உள்ளாடை மாற்றுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, சாப்பிடும் முன்பும் கழிப்பறைக்குப் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது: இவைதான் பலன் தருபவை. மாத்திரை சாப்பிட்ட நாளில் படுக்கை விரிப்பு, துண்டு, இரவு உடைகளைச் சூடான நீரில் துவையுங்கள். விரிப்பை உதற வேண்டாம், முட்டைகள் பறக்கும். அப்படியே சுருட்டி எடுத்துப் போங்கள். முட்டை இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும் என்பதால், இரண்டாம் வேளைக்குப் பிறகும் இரண்டு வாரம் இதை விடக் கூடாது.

சரி, மூன்று நாள் டேப்பிலும் ஒன்றும் இல்லை என்றால்? அரிப்பெல்லாம் புழுவால் வருவதில்லை. பெரியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது, சுத்தம் என்ற பெயரில் அந்த இடத்தைச் சோப்பாலும் வாசனை போட்ட ஈரத் துடைப்பான்களாலும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வதைத்தான். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாலே பலருக்கு அடங்கிவிடும். மூலம், வெடிப்பு, பூஞ்சைத் தொற்று, தோல் நோய்கள் என்று மற்ற காரணங்களும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பூஞ்சை எளிதில் வரும்.

நீங்கள் போடும் களிம்பை முதலில் நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், நாள்கணக்கில் போடும்போது தோல் மெலிந்துபோகும். மரத்துப்போகச் செய்யும் மருந்து இருந்தால் அதுவே சிலருக்கு அலர்ஜியாகி அரிக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் போகும் பழக்கம் மாறுவது, கையில் தட்டுப்படும் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் டேப், மாத்திரை என்று நாளைக் கடத்தாமல் நேரில் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டு நான்கு நாள் ஆகிறது, இன்னும் அரிப்பு இருக்கிறது. மறுபடி ஒன்று போடலாமா? (ஒரு வாசகி)

பதில்: வேண்டாம். சொறிந்து சொறிந்து புண்ணான தோல் ஆற ஒரு வாரமாவது பிடிக்கும். இரண்டாவது வேளையை அதன் நாளில் சாப்பிடுங்கள். அதற்கும் சில வாரம் கழித்து அரிப்பு திரும்பினால் புதிதாகத் தொற்றியிருக்கலாம். அப்போது டேப் சோதனை செய்துவிட்டு வீட்டில் எல்லோருக்குமாக மறுபடி தொடங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நாயிடமிருந்து வந்திருக்குமா? (ஒரு வாசகர்)

பதில்: இல்லை. கீரிப்பூச்சி மனிதக் குடலில் வளர்வது, நாய்க்கும் பூனைக்கும் வராது. நாய்க்கு வரும் புழுக்கள் வேறு, அவற்றுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும்போது தனியாக மருந்து கொடுங்கள். உங்கள் வீட்டு மாத்திரையை அதற்குப் பங்கு வைக்க வேண்டாம்.