பாவலைத் தொடாத வண்டு பூசணியை ஏன் அரிக்குது?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், பூசணிக் கண்டு ரெண்டு இலை விட்டவுடனேயே செம்மஞ்சள் வண்டு வந்து அரிச்சுப்போடுதாம், பக்கத்துப் பாத்தியில நிக்கிற பாவலைத் தொடுறதேயில்லையாம், அப்ப பாவல் இலையை அரைச்சுத் தெளிச்சா பூசணி தப்புமோ எண்டு.

தம்பி, கசப்பெண்டா பூச்சி ஓடும் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. பூசணி, வெள்ளரி, பீர்க்குக் குடும்பத்தில குக்குர்பிட்டாசின் எண்ட கசப்பு இருக்கிறதும் தன்னைத் தின்ன வாறதுகளை விரட்டத்தான். ஆனா இந்தச் சிவப்புப் பூசணி வண்டு காலங்காலமா அதைத் தாங்கப் பழகி, இப்ப அந்தக் கசப்பை வைச்சுத்தான் தன்ர சாப்பாட்டையே கண்டுபிடிக்குது. மனுசர் கசக்காத காயாப் பாத்துப் பாத்து விதை எடுத்ததில காயில கசப்பு இல்லாமல் போச்சுது, ஆனா கன பூசணி இனங்களில முளைக்கிற வித்திலையில இன்னும் கிடக்கு, அதுதான் சின்னக் கண்டிலயே வந்து விழுகுது. பாவலில இருக்கிற மொமோர்டிசின் வேற கசப்பு, அது இந்த வண்டுக்கு ஒத்துவராது.

காலமை இலையைக் கிட்ட வைச்சுப் பாருங்கோ, வட்டமா ஒரு கோடு கடிச்சிருக்கும். முதல்ல வட்டம் வெட்டி, பிசுபிசுத்த பால் உள்ளுக்க வராமல் நிப்பாட்டிப்போட்டுத்தான் நடுவைத் தின்னும். எனக்கு எப்ப பாத்தாலும் ஆச்சரியமான வேலை அது.

பாவல் சாறு கொஞ்சம் தடுக்கும், ஆனா மாரி மழையில கழுவுப்பட்டுப் போகும், புதுசா விடுற இலைக்கும் காவல் இல்லை. அதைவிட நுளம்பு வலையால மூடி, கரையை மண்ணுக்க புதைச்சு, நாலைஞ்சு இலை வரும்வரை விடுங்கோ. ஒண்டு கவனம், போன போகம் பூசணியோ வெள்ளரியோ நிண்ட பாத்தியில இதைச் செய்யாதேங்கோ, இந்த வண்டின்ர புழுவும் கூட்டுப்புழுவும் மண்ணுக்கதான் கிடக்கும், வண்டு வலைக்கு உள்ளயே கிளம்பும். பூ வந்தா வலையை எடுக்கவேணும், தேனீ வராட்டி காய் இல்லை. வெயில் ஏறமுதல் வண்டு மந்தமா இருக்கும், கையால பிடிச்சு சவுக்காரத் தண்ணியில போடலாம். மருந்து அடிக்கத்தான் வேணுமெண்டா விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, பூ விரிஞ்சிருக்கிற காலமையில இல்லாமல் பின்னேரத்தில அடியுங்கோ.

பாவலையும் நம்பி விட்டிடாதேங்கோ, அதுக்குப் புள்ளி போட்ட எபிலக்னா வண்டு வரும். இலை அரிபடாமல் இருக்கேக்க பூசணிக் கொடி வாடினா ஒண்டைப் பிடுங்கி வேரைப் பாருங்கோ, வெள்ளைப் புழு இருந்தா காய் எடுத்து முடிய அந்த மண்ணை ஆழமாக் கொத்திப் புரட்டி வெயிலில விடுங்கோ, மிச்சத்தைக் கோழி பாத்துக்கொள்ளும்.