ஸ்கேனிங் கட்டணம் என்று ஏஜென்ட் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கரூரிலிருந்து படுக்கை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன். கொழும்பில் கப்பல் மாறும். வியாபாரம் எஃப்.ஓ.பி. முறையில்தான் (இங்கே கப்பலில் ஏற்றும்வரைதான் என் செலவு). "அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்துவிட்டது, எல்லாக் கண்டெய்னரையும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்" என்று சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்டான ஃபார்வர்டர் கண்டெய்னருக்கு 15,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கட்டித்தான் ஆக வேண்டுமா? எக்ஸ்ரே பட்டால் சாயம் வெளுக்குமா?

பதில்: கட்ட வேண்டாம். சாயமும் வெளுக்காது.

உங்கள் ஃபார்வர்டர் இரண்டு சட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். தெரியாமல் குழப்புகிறாரா, தெரிந்தேவா என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

முதல் சட்டம் 2007-இல் வந்தது. கப்பலில் அமெரிக்காவுக்கு வரும் ஒவ்வொரு கண்டெய்னரையும், அது ஏற்றப்படும் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்று அது சொன்னது. கெடு 2012 ஜூலை. கெடு வந்தது, போனது, எதுவும் நடக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் விரும்பினால் இரண்டிரண்டு ஆண்டாகத் தள்ளிப்போடலாம் என்று அதே சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2014, 2016 என்று தள்ளிக்கொண்டே போனார்கள். நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்கவும் மாட்டார்கள், நிறைவேற்றவும் மாட்டார்கள். அவர்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு தடவையும் இங்கே யாராவது ஒருவர் அதைப் "புதுச் சட்டம்" என்று விற்கிறார்.

இரண்டாவது சட்டம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. பெயரில் துறைமுகம் என்று இருந்தாலும் அது பேசுவது தரைவழி எல்லையைப் பற்றி. மெக்சிகோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் லாரி, கார், சரக்கு ரயில் அனைத்தையும் பெரிய ஸ்கேனர்களுக்குள் ஓட்டிப் படம் எடுப்பதற்கு 180 நாளில் திட்டம் தீட்டச் சொன்னது. ஓட்டுநர் இறங்காமலே லாரி உள்ளே போகும். கேபினுக்குக் குறைந்த சக்தியும் சரக்குக்குக் கூடிய சக்தியும் கொடுக்கிற கருவிகள் இப்போது உண்டு. இந்தச் சட்டம் திட்டம்தான் கேட்டது. கரூரில் இருப்பவரிடம் பணம் வசூலிக்கச் சொல்லவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வாடிக்கையாளர் சிகாகோவிலோ டெட்ராய்ட்டிலோ இருந்தால், சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்காமல் கனடாவில் இறங்கலாம். ஹாலிஃபாக்ஸில் இறங்கினால் ரயிலேறி சார்னியா–போர்ட் ஹ்யூரன் சுரங்கப்பாதை வழியாக அமெரிக்காவுக்குள் நுழையலாம். மேற்குக் கரையில் பிரின்ஸ் ரூபர்ட்டில் இறங்கினால் மின்னசோட்டாவின் ரேனியர் எல்லை வழியாக வரும். அப்போது உங்கள் கண்டெய்னர் கப்பலில் கிளம்பினாலும் தரைவழி எல்லையைத் தாண்டுகிறது, ஆகவே 2021 சட்டம் அதைத் தொடும். ரயில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காமா கதிரில் படம் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் உங்களுக்குத் தெரியக்கூட வராது. பி.எல்.லில் (சரக்கை ஏற்றியதற்குத் தரும் கப்பல் ரசீது) இறக்கும் துறைமுகம், ஒப்படைக்கும் இடம் என்ற இரண்டு கட்டங்களையும் பாருங்கள். முதலாவதில் கனடா ஊரும் இரண்டாவதில் அமெரிக்க ஊரும் இருந்தால், ஒருவேளை பெட்டியை நிறுத்திவைத்தால் நாலைந்து நாள் தாமதமாகலாம் என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அப்போதும் ஃபார்வர்டருக்கு 15,000 ரூபாய் தர வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

யார்தான் கட்டணம் கட்டுகிறார்கள்? படம் எடுப்பதற்கு அமெரிக்கச் சுங்கத் துறை காசு கேட்பதில்லை. சந்தேகம் வந்து பெட்டியை வேறு இடத்துக்கு நகர்த்தி, பிரித்து, திரும்ப அடுக்கினால் அந்தக் கூலியும் யார்டு வாடகையும் அங்கே இறக்குமதி செய்பவர் தலையில் விழும். எஃப்.ஓ.பி. என்றால் அது உங்கள் வாடிக்கையாளர்.

டி.டி.பி. (வாங்குபவர் வாசல்வரை எல்லாச் செலவும் விற்பவருடையது) என்றால் கதை வேறு. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "வீட்டு வாசல்வரை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஒரே ரேட்" என்று ஃபார்வர்டர் வருவார். டி.டி.பி.யில் வரி, சோதனைக் கூலி, தாமத வாடகை எல்லாமே விற்பவர் பொறுப்பு. ஒரே ரேட் என்றவர் பெட்டி மாட்டிக்கொண்டதும் "இது அதில் சேராது" என்று பில் அனுப்புவார். பலருடைய சரக்கை யாரோ ஒருவர் பெயரில் இறக்குமதி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே விலையைக் குறைத்துக் காட்டியிருந்தால் சரக்கு உங்களுடையது, கையெழுத்து யாருடையது என்றுகூடத் தெரியாது. சிறு ஏற்றுமதியாளர் டி.டி.பி. பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

நியாயமான கட்டணங்களும் உண்டு. கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கு விவரத்தை அமெரிக்காவுக்குத் தெரிவிப்பதற்கு ஏ.எம்.எஸ். கட்டணம், துறைமுகப் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.பி.எஸ். கட்டணம். இவை கப்பல் கம்பெனி பில்லில் தனித்தனி வரியாக வரும். இவற்றையே "ஸ்கேனிங்" என்று பெயர் மாற்றி இன்னொரு தடவை போட்டிருக்கிறார்களா என்று பழைய இன்வாய்ஸ்களோடு ஒப்பிடுங்கள்.

சாயத்துக்கு வருவோம். எக்ஸ்ரே சோதனையில் உணவுப் பொருள் மீது அதிகபட்சம் 0.5 கிரே (கதிர் அளவின் அலகு) கதிர் படலாம் என்பது அமெரிக்க விதி. மருத்துவமனைக் காஜ் துணியைக் கிருமிநீக்கம் செய்ய வழக்கமாகக் கொடுப்பது 25,000 கிரே. அந்தத் துணியே நன்றாகத்தான் இருக்கிறது. துறைமுக வாசலில் நிற்கும் கதிரியக்கம் கண்டறியும் தூண்கள் எந்தக் கதிரையும் வீசுவதில்லை, சரக்கிலிருந்து வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உள்ள கிரானைட், செராமிக் அனுப்புகிறவர்களுக்குத்தான் அது சும்மா சும்மா அலறும்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது ஐ.எஸ்.எஃப். தாக்கல், அதாவது சரக்கு பற்றி அமெரிக்கச் சுங்கத் துறைக்கு முன்கூட்டியே தரும் விவரம். அதைச் செய்ய வேண்டியவர் இறக்குமதியாளர், ஆனால் தயாரிப்பாளர் முகவரி, பெட்டியில் சரக்கு ஏற்றிய இடம் போன்ற தகவல்கள் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். கொழும்பில் பெரிய கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே பெரும்பாலானவை போய்ச் சேர வேண்டும். தவறினால் அபராதம் 5,000 டாலர் வரை. வாடிக்கையாளர் அதை உங்கள் கணக்கில்தான் கழிப்பார். பெட்டி சோதனைக்கு இழுக்கப்படவும் இந்தத் தவறே போதும். அப்புறம், திரைச்சீலைக் கம்பிகளைத் துணிக்கு நடுவே செருகாமல் ஒரே வரிசையில் அடுக்குங்கள். படத்தில் துணி நடுவே கறுப்பாக ஏதாவது தெரிந்தால் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள். கண்டெய்னர் கதவின் சீல் பூட்டு ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில் இருக்கட்டும். 2007 சட்டம் கப்பல் கண்டெய்னருக்குக் கேட்டதில் இது மட்டும் 2008 அக்டோபரிலிருந்து ஒழுங்காக நடக்கிறது.

இப்போது ஃபார்வர்டரிடம் மூன்று விஷயங்களை மெயிலில் கேளுங்கள்: எந்தச் சட்டம், யார் வசூலிக்கிறார்கள், அவர்கள் கொடுத்த அசல் ரசீது எங்கே. "உங்கள் சார்பில் கட்டினேன்" என்று சொல்லி ஜி.எஸ்.டி. இல்லாமல் வாங்கும் தொகை ரசீதில் உள்ளதைவிட ஒரு ரூபாய்கூட அதிகமாக இருக்கக் கூடாது. பி.எல்.லைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டினால், வங்கியில் அதைக் கொடுக்க நேரமாகிறது என்றால், ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேளுங்கள். கஸ்டம்ஸ் புரோக்கராக இருந்தால் 2018 உரிம விதிகளின்படி சுங்க ஆணையரிடம் புகார் போகும். வெறும் ஃபார்வர்டருக்கு அப்படி உரிமமே கிடையாது. இது இத்தனை காலமாகச் சரிசெய்யப்படாத ஓட்டை. தன் பெயரிலேயே பி.எல். கொடுக்கிறவராக இருந்தால் மட்டும், 1993 பல்வகைப் போக்குவரத்துச் சட்டப்படி கப்பல் துறைத் தலைமை இயக்குநரிடம் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் அடுத்த புக்கிங்கை வேறு ஆளிடம் கொடுங்கள்.